வேலியோரத்துச் சிவப்புப் பழம்

தம்பி, இங்கிலாந்தின் சறேயில் வீடு எடுத்து இரண்டு மாதமாகிறது என்றும், பின்வேலியாக நிற்கும் ஊசியிலை மரத்தின் சிவப்புப் பழங்களை மூன்று வயது மகள் பறித்து விளையாடுகிறாள், தின்னலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, பள்ளிக்கூடம், குளிர்ச்சட்டை பற்றிச் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழம் சிறு கிண்ணம் போல வாய்திறந்து, உள்ளே கரிய விதை தெரிகிறது என்கிறீர்கள். அது யூ மரம்தான். அந்தச் சிவப்புச் சதை ஒன்றைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. பறவைகள் விதையை உடைக்காமல் விழுங்கிக் கழித்துவிடும், பிள்ளையோ கடித்துவிடும். அதிலுள்ள டாக்சைன் என்னும் நஞ்சு இதயத் துடிப்பையே குலைக்கும். அதற்கு மாற்றுமருந்தும் இல்லை. விதையைக் கடித்தாள் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள்.

நான் வந்த 1990ஆம் ஆண்டுக் கோடைக் கடைசியில், தோட்டவேலை தந்த முதலாளி கத்தரியைக் கையில் கொடுத்து வேலியைக் காட்டினாரே தவிர, அது என்ன மரம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிப் பழகிய நான், வெட்டிய கொப்புகளில் ஒரு கட்டை அள்ளி அடுத்த வளவுக் குதிரைக்கு நீட்டினேன். குதிரைக்காரி கத்திக்கொண்டு ஓடிவந்து என் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டாள். ஒரு பிடி இலை குதிரையைச் சாய்த்துவிடும் என்பதும், காய்ந்த பிறகும் நஞ்சு போகாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆகவே கத்தரித்ததை வேலியோரம் குவித்து வைக்காதீர்கள்.

இது நம் தாளிசபத்திரி, அவித்துக் குடித்தால் இருமல் போகும் என்று சொல்லும் நம்மவர்களும் இங்கே உண்டு. இமயமலை யூவின் இலை அந்தப் பெயரில் விற்கப்படுவது உண்மைதான். ஆனால் ஆயுர்வேத மருந்து நூல் குறிக்கும் தாளிசபத்திரி வேறொரு மரம். முப்பது ஆண்டு வாழ்ந்தும் வாசலில் நிற்கும் மரத்தின் பெயரைக் கேட்டறியாதவர்கள்தான் இப்படி வைத்தியம் சொல்கிறார்கள். புற்றுநோய் மருந்து இதிலிருந்து வந்ததே என்பார்கள். 1962இல் சேகரித்த பசிபிக் யூ என்ற இன்னொரு வகையின் பட்டையில் கண்டெடுத்த பொருளைப் பல ஆண்டுகள் பிரித்துச் சோதித்து, 1992இல்தான் அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். பின்னர் இங்கத்தைய யூ இலையிலிருந்தும் மூலப்பொருள் எடுத்தார்கள். நாங்கள் குப்பையில் கொட்டிய அதே தளிர்களைப் பிற்காலத்தில் மூட்டை கட்டி மருந்துக்கு அனுப்பியதையும் கண்டேன். ஆனால் வீட்டு அடுப்பில் அவித்தால் இறங்குவது டாக்சைன்தான்.

கட்டையைப் பற்றி மட்டும் குறை சொல்லமாட்டேன். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் யூ விற்களைப் போர்ட்ஸ்மத்தில் போய்ப் பாருங்கள். உட்புறத்து வைரம் என்னும் முதிர்ந்த நடுமரம் அழுத்தத்தையும், வெளிப்புறத்து வெளிறு என்னும் இளமரம் இழுவையையும் தாங்குவதால், ஒரே கட்டையே வில்லாகிவிடுகிறது. அந்த மரத்தில் கடைந்த கிண்ணம் ஒன்று என் வீட்டு வாசலிலும் இருக்கிறது. அதில் திறப்புகள் மட்டுமே கிடக்கும். மனைவி ஒருமுறை கச்சான் போட்டு வைத்தபோது அவ்வளவையும் கொட்டிவிட்டேன்.