எஞ்சின் சத்தத்தை வடிகட்டும் முறைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: நான் குருநகரைச் சேர்ந்தவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா கடற்றொழிலாளி. கடலில் நின்று அவர் போன் எடுத்தால் எஞ்சின் சத்தத்தில் பாதிப் பேச்சு விளங்காது. அதற்காக ஒரு செயலி செய்திருக்கிறேன். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி படகின் அதிர்வை உணர்ந்து எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணிக்கும். அந்த வேகத்துக்குரிய சத்தத்தை மட்டும் மைக்கில் வரும் பேச்சிலிருந்து செயலி கழித்துவிடும். இதற்குப் பேட்டன்ட் எடுக்க முடியுமா? கணக்குச் சூத்திரத்துக்குத் தரமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் பீடத்துக் கண்காட்சியில் இதை வைக்கவும், நிரலை இணையத்தில் போடவும் இருக்கிறேன்.

பதில்: கண்காட்சிக்கு முன்னர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், தம்பி. நிரலை இப்போதைக்கு இணையத்தில் போட வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. காப்புரிமை கேட்கும் ஒன்று, கேட்கும் நாளில் உலகத்துக்குப் புதியதாக இருக்க வேண்டும். நீங்களே காட்டிவிட்டாலும் அது வெளிப்பட்டதாகத்தான் கணக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கண்டுபிடித்தவர் தானாக வெளியிட்டிருந்தால் ஒரு வருட அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்த அவகாசம் இல்லை. கண்காட்சியில் நீங்கள் விளக்கும் அரை மணித்தியாலம் அங்கே உங்கள் கதவை மூடிவிடக்கூடும்.

கைபேசித் தொழில்நுட்பத்திலேயே இதற்கு இரண்டு விதமான முன்னுதாரணங்கள் உண்டு. அலைவரிசையில் சிதைந்து வரும் துணுக்குகளிலிருந்து சரியான செய்தியை மீட்கும் விற்றர்பி முறை 1967இல் வெளியானது. ஜி.எஸ்.எம் (2ஜி) போன்கள் எல்லாம் அதைப் பயன்படுத்தின, ஆனால் ஆண்ட்ரூ விற்றர்பி அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பிரான்சின் குளோட் பெரூ அப்படிச் செய்யவில்லை. பிழைகளைத் திருத்தும் டர்போ குறியீட்டை 1993இல் ஜெனீவா மாநாட்டில் உலகத்துக்குக் காட்டும்போது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டிருந்தது. பின்னர் 3ஜி, 4ஜி இரண்டும் அந்தக் குறியீட்டின் மேல் கட்டப்பட்டன.

சரி, உங்கள் நண்பர்கள் சொன்ன விஷயம். அதில் உண்மை இருக்கிறது. அறிவியல் கோட்பாடும் கணித முறையும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று எங்கள் சட்டமே சொல்கிறது. ஆனால் சமிக்ஞைச் செயலாக்கம் முழுக்கக் கணிதம்தானே, அப்படியானால் போனுக்குள் இருக்கும் எதற்குமே காப்புரிமை கிடைத்திருக்கக் கூடாது. நடைமுறை அப்படி இல்லை. 1986இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேன்முறையீட்டுச் சபை 'விக்கொம்' வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்தது. வழக்கு படங்களை எண்முறையில் செப்பனிடும் ஒரு முறை பற்றியது. எண்களின் மேல் மட்டும் வேலை செய்து எண்களையே தருவது கணிதம். அதே கணிதம் மின் சமிக்ஞையாக இருக்கும் ஒரு படத்தை எடுத்து மாற்றித் தந்தால் அது தொழில்நுட்பச் செயல். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் இலங்கைப் பரிசோதகரை அந்தத் தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் விண்ணப்பத்தை எழுதும்போது மனதில் வைத்திருக்க வேண்டிய கோடு அதுதான்.

இனி உங்கள் கருவியையே கிட்ட நின்று பார்ப்போம், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போட் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வைப்போம். நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும், ஆகவே நொடிக்கு 100 வெடிப்பு. சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்தால் 100 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 200, 300, 400இலும் கோடு கோடாக நிற்கும். கரைச்சல் என்னவென்றால் ஓர் ஆணின் குரலும் ஏறத்தாழ அதே இடத்தில் தொடங்கி அதேபோல மடங்கு மடங்காகத்தான் போகும். மைக்கை மட்டும் நம்பும் வடிகட்டிக்கு எந்தக் கோடு எஞ்சின், எந்தக் கோடு அப்பா என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து வெட்டிவிடும். இதைப் பேச்சுக் குறியாக்கிக்குள், அதாவது பேச்சை அனுப்புமுன் சுருக்கும் பகுதிக்குள், அப்படியே விட்டால் இன்னும் மோசம். அது 20 மில்லி செக்கனுக்கு ஒரு துண்டாகப் பேச்சை எடுத்து, மனிதக் குரல் என்று எண்ணியே சுருக்குகிறது. எஞ்சினையும் குரலாக நினைத்துச் சுருக்குவதால்தான் மறுமுனையில் வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைப்பது மாதிரிக் கேட்கிறது.

உங்கள் முறையில் முடுக்கமானி குரலைப் பெரிதாக உணர்வதில்லை, படகின் அதிர்வைத்தான் உணர்கிறது. எந்தக் கோடு எஞ்சினுடையது என்ற கேள்விக்கு மைக்குக்கு வெளியே இருந்து ஒரு சாட்சி கிடைக்கிறது. இதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. கழிக்கும் சூத்திரம் அல்ல. இரைச்சலின் அதிர்வெண்களை மதிப்பிட்டுப் பேச்சிலிருந்து கழிக்கும் நிறமாலைக் கழிப்பை ஸ்டீவன் போல் 1979இலேயே எழுதிவிட்டார். இன்னொரு உணரியைச் சாட்சியாக வைத்து இரைச்சலை நீக்கும், தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் தகவமை வடிகட்டி பற்றி பெர்னாட் விட்ரோவும் குழுவினரும் 1975இல் எழுதினார்கள்.

ஆகவே உரிமைக் கோரிக்கையை, அதாவது எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியை, எழுதும்போது, "பேச்சுச் சமிக்ஞையிலிருந்து எஞ்சின் அதிர்வெண்ணின் மடங்குகளைக் கழிக்கும் முறை" என்று எழுதினால் நிராகரிப்பைக் கையோடு வாங்கிக்கொண்டு வரலாம். நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்: "மைக்கும் முடுக்கமானியும் கொண்ட ஒரு கைபேசி, முடுக்கமானியின் வெளியீட்டிலிருந்து அருகிலுள்ள எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கணித்து, அவ்வேகத்தைத் தொடர்ந்து நகரும் ஒடுங்கிய வடிகட்டிகளை மைக் சமிக்ஞையில் இட்டு, அதன் பின்னரே பேச்சுக் குறியாக்கிக்கு அனுப்புவது." இதன் கீழே துணைக் கோரிக்கைகள்: குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் எஞ்சின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது என்ன செய்கிறது, போன் கையில் இருந்து அதிர்வு மங்கினால் எதை நம்புகிறது என்று. பெரும்பாலும் காப்புரிமையைக் காப்பாற்றுவது இந்தச் சின்னக் கோரிக்கைகள்தான்.

ஆண்ட்ரொய்ட் 12இலிருந்து தனி அனுமதி இல்லாத செயலி முடுக்கமானியை நொடிக்கு 200 தடவைக்கு மேல் வாசிக்க முடியாது. வாசிக்கும் வேகத்தின் பாதி வரையுள்ள அதிர்வுதான், அதாவது 100 ஹேர்ட்ஸ் வரைதான், அதில் ஒழுங்காகத் தெரியும். வெடிப்பைத் தேடாமல் சுழற்சியைத் தேடுங்கள். நிமிடத்துக்கு 5400 சுற்றென்றாலும் 90 ஹேர்ட்ஸ்தான். இந்தக் காரணத்தையும் விண்ணப்பத்தின் விவரணத்தில் எழுதுங்கள். ஒரு தொழில்நுட்பத் தடையை எப்படித் தாண்டினீர்கள் என்பது பரிசோதகருக்குச் சொல்ல வேண்டிய கதை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெளியார் செய்யும் ஆண்ட்ரொய்ட் செயலிக்குச் சாதாரண அழைப்பின் ஒலிப் பாதையில் கை வைக்க முடியாது. உங்கள் செயலி தன்னுடைய இணைய அழைப்பில் வேலை செய்யும். அப்பா வழமையாக எடுக்கும் அழைப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால் போன் தயாரிப்பாளரோ சிப் தயாரிப்பாளரோ உள்ளே சேர்க்க வேண்டும். உங்கள் காப்புரிமையை யாருக்கு விற்கலாம் என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

விண்ணப்பம் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். காப்புரிமையின் காலம் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள், இலங்கைக்குள் மட்டும். அந்தத் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் சர்வதேச விண்ணப்பம் போட்டால் வெளிநாடுகளிலும் அதே திகதியைக் கோரலாம். பல நாடுகளில் உள்ளே நுழைவதற்கு முதல் திகதியிலிருந்து 30 மாதம் வரை நேரமிருக்கும். பணம் அந்தக் கட்டத்தில்தான் கரையும், அதனால் அந்த முதல் 12 மாதத்தைச் சோதனைக்குச் செலவழியுங்கள். எஞ்சின் சும்மா நிற்க, பாதி வேகத்தில், முழு வேகத்தில் என்று ஒரே வசனங்களைக் கடலிலேயே பதிவு செய்யுங்கள். காற்றிரைச்சலைத் தனியாக வையுங்கள், அது எஞ்சின் மாதிரிக் கோடாக நிற்பதில்லை, உங்கள் முறையால் போகாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தத் தாமதம் 150 மில்லி செக்கனைத் தாண்டாமல் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். அதில் உங்கள் செயலி எவ்வளவை எடுக்கிறது என்றும் அளந்து எழுதுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னர் மேற்பார்வையாளரோடு ஒருக்கால் இருந்து கதையுங்கள். முடுக்கமானி யோசனையில் அவருக்குப் பங்கிருந்தால் அவர் பெயரும் கண்டுபிடிப்பாளராக வர வேண்டும், பல்கலைக்கழக விதிகளில் உரிமை யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். பிறகு கூகுளின் காப்புரிமைத் தேடலில் இரண்டு நாள் உட்காருங்கள். கார்களில் எஞ்சின் வேகத்தை வைத்து உள்ளே இரைச்சலைக் குறைக்கும் முறைகள் நிறைய இருக்கின்றன, அவற்றை வரிவரியாக வாசியுங்கள். போனின் முடுக்கமானியை இதே வேலைக்கு வேறு யாராவது முன்னரே பயன்படுத்தியிருந்தால் காசைச் செலவழிக்க வேண்டாம். அப்போது நிரலைத் தாராளமாக இணையத்தில் போடுங்கள், குருநகரிலும் பாசையூரிலும் அது உடனே பயன்படும்.