‘சுத்த வெள்ளி’ பாயிண்ட் வாங்கலாமா?

கேள்வி: தோட்டத்து 7.5 எச்.பி. போர் மோட்டாரின் ஸ்டார்ட்டரில், மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் பாயிண்ட் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் நிற்பதில்லை. கடையில் இரண்டு கிட் காட்டினார்கள். ஒன்று கம்பெனி கிட். இன்னொன்று விலை கூடுதல்; பாயிண்டின் பின்பக்கத்தைச் சுரண்டி, “பாருங்க, சுத்த வெள்ளி” என்றார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: கம்பெனி கிட். வெள்ளி நகைக்குத்தான் சுத்தம் வேண்டும்; மோட்டாரை ஓட்டும் பாயிண்டுக்கு அதுவே குறை.

வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் மென்மையானது, 962 டிகிரியில் உருகிவிடும். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அந்த நேரத்தில் பாயிண்ட் லேசாகத் துள்ளினாலும் பொறி பறந்து முகப்பு உருகும், உறையும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். உங்கள் மோட்டார் நிற்காதது அதனால்தான்.

இதைத் தடுக்கத்தான் வெள்ளியோடு சுமார் 10-12 சதவீதம் டின் ஆக்சைடு சேர்க்கிறார்கள். அந்தத் துகள்கள் அந்தச் சூட்டில் உருகாமல் நின்று, உருகிய வெள்ளியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒட்டினாலும் பிடிப்பு பலமாக இருக்காது. இரண்டையும் உருக்கி ஊற்ற முடியாது, ஆக்சைடு மேலே மிதந்துவிடும். அதனால் பொடியாகக் கலந்து, அழுத்தி, வெள்ளி உருகாத சூட்டில் வேகவைத்து, பிறகு கம்பியாகவோ பட்டையாகவோ பிதுக்கி எடுக்கிறார்கள். முன்பு காட்மியம் ஆக்சைடு கலந்தார்கள். அது அருமையாக வேலை செய்யும், ஆனால் காட்மியம் விஷம். பழைய பாயிண்டை எமரி தாளால் தேய்த்து ஊதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, கடைக்காரர் சுரண்டிய பின்பக்கம்? ஆக்சைடு கலந்த முகப்பு பற்றவைப்பில் சரியாகப் பிடிக்காது. அதனால் அடியில் மெல்லிய சுத்த வெள்ளிப் படலம் வைப்பது வழக்கம். கம்பெனி பாயிண்டைச் சுரண்டினாலும் அதே வெள்ளிதான் பளபளக்கும்! பின்பக்கத்தைப் பார்த்து முகப்பைத் தீர்மானிக்க முடியாது. அவர் சொன்னபடி முழுதுமே சுத்த வெள்ளி என்றால் இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

கிட் மாற்றியும் ஒட்டினால் பாயிண்டைத் திட்டாதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள். காண்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் 415 வோல்ட் காயிலுக்குச் சுமார் 353 வோல்ட்டாவது, அதாவது 85 சதவீதம், வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் காண்டாக்டர் கடகடவென்று அடிக்கலாம்; அப்படி அடித்தால் எந்தப் பாயிண்டும் தாங்காது.

முகப்பு கறுத்திருப்பதை வைத்து மாற்ற வேண்டாம், அது இயல்பு. வெள்ளி தேய்ந்து அடிச்செம்பு தெரிந்தாலோ, இப்படி ஒட்டினாலோ மாற்றுங்கள். நிலையான பாயிண்ட், அசையும் பாயிண்ட், ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கடைக்குப் போகும்போது காண்டாக்டரின் மேல் உள்ள மாடல் எண்ணைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், மோட்டார் எச்.பி.யை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாத கிட் வந்து சேரும்.