பத்திரம் எவ்வளவு பத்திரம்?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. ரிட்டயர்மெண்ட் பணம் 12 லட்சம் இருக்கிறது. மொத்தத்தையும் அரசுக் கடன் பத்திரத்தில் போட்டுவிடலாமா சார்?

பதில்: போடலாம், ஆனால் மொத்தத்தையும் வேண்டாம். எஃப்.டி.க்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. பத்திரத்தில் அந்தக் கவலை இல்லை. கடன் வாங்குவதே மத்திய அரசு. ஆனால் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் பத்திரம் உடனே பணமாகாது. மூன்று லட்சமாவது வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: ரிஸ்க்கே இல்லை என்றார்கள் அண்ணா. போன வருஷம் வாங்கிய பத்திரத்தின் விலை இப்போது குறைத்துக் காட்டுகிறதே?

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. 100 ரூபாய்க்கு 7% வட்டி தரும் பத்து வருடப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் வட்டி 8% ஆகிவிட்டால், உங்கள் 7 ரூபாய்க்காக யார் 100 கொடுப்பார்கள்? சுமார் 93-க்குத்தான் கேட்பார்கள். அதுவே 40 வருடப் பத்திரம் என்றால் 88. முதிர்வு வரை வைத்திருந்தால் முழு 100-ம் வரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியும் வரும். நடுவில் விற்றால்தான் அடி. மகள் கல்யாணம் ஐந்து வருடத்தில் என்றால் ஐந்து வருடப் பத்திரமே வாங்குங்கள். அரை சதவீத வட்டி கூடுதலாக வருகிறதே என்று 40 வருடத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கேள்வி: எங்கே வாங்குவது? புரோக்கர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ தளம் 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை, 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். அரசு புதுப் பத்திரங்களை ஏலத்தில்தான் விற்கும், அதில் நீங்கள் விலை சொல்ல வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் கேட்ட விலையின் சராசரிக்கே கிடைக்கும். வாங்குவது சுலபம், சில்லறைத் தொகையை விற்கத்தான் ஆள் தேட வேண்டும்.

கேள்வி: வட்டி மாறும் சேமிப்புப் பத்திரம் என்கிறார்களே?

பதில்: அது வேறு. ஏழு வருடம், என்.எஸ்.சி. (தபால் அலுவலகத் தேசிய சேமிப்புப் பத்திரம்) வட்டிக்கு மேல் 0.35% கூடுதல். விற்கவே முடியாது. 60 வயதானவர்கள் மட்டும் முன்கூட்டி எடுக்கலாம், அதுவும் 70 வரை உள்ளவர்கள் ஆறு வருடம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: வரி?

பதில்: உண்டு, உங்கள் வருமானத்தோடு சேரும். சாதாரண மத்திய அரசுப் பத்திரத்தில் டி.டி.எஸ். (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பதில்லை, அதனால் வருமான வரி ரிட்டர்னில் காட்ட மறந்துவிடாதீர்கள்.