நம்ம டீம் வெளிய, டிக்கெட் கையில: பிளேஆஃப் பாக்க மலையிறங்கறவங்களுக்கு கேள்வி பதில்

வணக்கம்ங்க. குன்னூர்க்காரன், மேட்டுப்பாளையம் ரோட்டுல டாக்ஸி ஓட்டறேன். சென்னை சேப்பாக்கத்துல ஐபிஎல் 2011 ஃபைனல், 2012 ஃபைனல், 2023ல அடுத்தடுத்த நாள் ரெண்டு பிளேஆஃப் (லீக் முடிஞ்சு மொத நாலு டீம் மட்டும் ஆடற மேட்சுங்க), 2024ல ஃபைனலுக்கு முந்தின மேட்சான குவாலிஃபயர் 2, ஃபைனல் எல்லாம் நேர்ல பாத்தாச்சு. இதுல 2024தான் நம்ம சிஎஸ்கே இல்லாம போன வீக்கெண்டு. அதப் பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேக்கறீங்க, ஒரே இடத்துல சொல்லிடறேன், கேளுங்க.

கோத்தகிரி தம்பி: அண்ணா, நம்ம டீமே இல்லாத மேட்சுக்கு அத்தன தூரம் காசு செலவு பண்ணி போறது லூசுத்தனம் இல்லீங்களா? வீட்டுல கம்பளிய போத்திட்டு டிவில பாத்தா ஆச்சு.

நானும் அப்படி நெனச்சவன்தான். 2024ல பிளேஆஃப் டிக்கெட்ட மே 14, 15லயே விட்டுட்டாங்க, ரூபே கார்டுக்காரங்களுக்கு மொத நாளு, மத்தவங்களுக்கு அடுத்த நாளு. லீக் மேட்சே அப்ப முடியல. எப்படியும் தோத்தா வெளியங்கற எலிமினேட்டர் மேட்ச தாண்டி குவாலிஃபயர் 2க்கு சேப்பாக்கம் வந்துருவாங்கன்னு ஒரு கணக்கு போட்டு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். 18ஆம் தேதி சனிக்கெழம பெங்களூர்ல ஆர்சிபி 218. நமக்கு ஜெயிக்கக்கூட வேணாம், ரன்ரேட் கணக்குல 201 எடுத்தா உள்ள. கடைசி ஓவர்ல 17 வேணும், தோனி மொத பாலே 110 மீட்டர் சிக்ஸு, பந்து கிரவுண்ட விட்டே வெளிய போயிருச்சு, நனைஞ்சு வழுக்கிட்டு இருந்த பந்துக்கு பதிலா காஞ்ச பந்து வந்துச்சு, அடுத்த பாலு அவுட்டு. 191ல நின்னுட்டோம். அந்த சிக்ஸு கொஞ்சம் கம்மியா போயி ஸ்டாண்டுலயே விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு குன்னூர் பெட்போர்டு டீக்கடையில இன்னும் பஞ்சாயத்து ஓடிட்டுதான் இருக்கு.

ரெண்டு நாளு யார்கிட்டயும் பேசல. டிக்கெட்ட வித்துரலாம்னுதான் இருந்தேன், மச்சான்தான் ‘காசு போயிருச்சு, மேட்சாவது பாப்போம்’னான். போனோம். சன்ரைசர்ஸ் 175, ராஜஸ்தான் 139. மொத பத்து ஓவர் மனசு ஒட்டவே இல்ல, கல்யாண மண்டபம் மாறி உள்ள போன மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் ரெண்டாவது பேட்டிங்ல ஷாபாஸ் அகமதும் அபிஷேக் சர்மாவும் ஸ்பின் போட்டு சுருட்டுனாங்க பாருங்க, பந்து நின்னு நின்னு வருது, ராஜஸ்தான்காரங்க பனி விழும், ரெண்டாவது பேட்டிங் சுலபம்னு நம்பி மொதல்ல பவுலிங் எடுத்தாங்க, பனியே விழல. ஷாபாஸ் மூணு விக்கெட், அபிஷேக் ரெண்டு. நம்ம டீம் ஆடிருந்தா இதெல்லாம் என் கண்ணுல பட்டிருக்குமா? நகம் கடிக்கறதுக்கே நேரம் பத்தாது. மொத தடவையா ஃபீல்டர் எங்க நிக்கறான், ஏன் நகர்றான்னு உக்காந்து பாத்தேன்.

அருவங்காடு: மஞ்ச ஜெர்சி போட்டுட்டு போலாமா? அடிக்க வர மாட்டாங்களே?

தாராளமா போடுங்க, அது நம்ம ஊரு. ஃபைனல்ல கொல்கத்தாவும் சன்ரைசர்ஸும் ஆடுறாங்க, என்னைச் சுத்தி பாதிப்பேரு மஞ்சதான். ஒண்ணே ஒண்ணு, பக்கத்துல கொல்கத்தால இருந்து ரயிலேறி வந்தவன் உக்காந்திருப்பான், அவனுக்கு அது வாழ்க்கை பிரச்சன, ஒவ்வொரு பாலுக்கும் ‘நாங்க அஞ்சு கப்பு’ன்னு கத்திட்டு இருக்காதீங்க. 2012ல இதே சேப்பாக்கத்துல நாம 190 அடிச்சும் பிஸ்லா 89 அடிச்சு நம்ம வாயில மண்ணள்ளி போட்டுட்டு போனான், அதே கொல்கத்தா. அத அவன் ஞாபகப்படுத்துனா நம்ம மூஞ்சி போயிரும்.

குன்னூர், சிம்ஸ் பார்க் பக்கம்: அப்ப யாருக்குத்தான் சப்போர்ட் பண்றது?

நம்ம பசங்களுக்கு. குவாலிஃபயர் 2ல இந்தப் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன், அந்தப் பக்கம் அஸ்வின். ஃபைனல்ல நடராஜன் ஒரு பக்கம், வருண் சக்கரவர்த்தி ஒரு பக்கம். டீமு எதுவா இருந்தா என்ன, நடராஜன் பந்த கையில வாங்குனா ஸ்டேடியம் எந்திரிக்குது. நான் ஓவருக்கு ஓவர் கட்சி மாறுனேன், மச்சான் அரசியல்வாதின்னு கூப்டான்.

கூடலூர்: அண்ணா நம்ம டீம் தோத்தப்புறம் நெறய பேரு டிக்கெட்ட கம்மி ரேட்டுக்கு தள்ளி விடறாங்கன்னு சொல்றாங்களே, அத வாங்கலாமா?

தெரிஞ்சவன் கொடுத்தா வாங்குங்க. தெரியாதவன்கிட்ட வேணாம். போன்ல க்யூஆர் படத்த அனுப்புவான், அதே படத்த இன்னும் நாலு பேருக்கு அனுப்பிருப்பான், கேட்ல மொதல்ல ஸ்கேன் பண்றவன்தான் உள்ள, மிச்சப்பேரு பீச்சுல சுண்டல் தின்னுட்டு திரும்ப வேண்டியதுதான். எங்க சித்தப்பா பையன் இப்படித்தான் பணத்த விட்டான். கேட்டுக்கு வெளிய ப்ளாக்ல விக்கறவங்கள போலீஸ் புடிக்கறதும் நடக்கும், வாங்கற நீங்களும் சேந்து நிக்கணும். ஃபைனல் டிக்கெட் தனியா அப்பறமாதான் விடுவாங்க. 2024ல பொது விற்பனை 21ஆம் தேதி, நம்ம டீம் வெளிய போயி மூணு நாள் கழிச்சு, எனக்கு அதுல நேராவே கெடச்சுது. அந்த வழிய பாருங்க.

ஊட்டி, பெர்ன்ஹில்: போக வர எப்படி பிளான் பண்றது? மே மாசம் ரோடு நெலம தெரியும்ல.

இதுதான் முக்கியமான கேள்வி, எல்லாரும் மேட்ச பத்தி யோசிப்பாங்க, ரோட்டப் பத்தி யோசிக்க மாட்டாங்க. பிளேஆஃப் வர்றதே நம்ம சீசன்ல, ஊரே மலையேறும்போது நீங்க எறங்கணும். மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஒம்பது வாக்குல கெளம்பும், விடியக்காலைல சென்ட்ரல். ஊட்டில மத்தியானம் ரெண்டு மணிக்கு எறங்கற மலை ரயில்ல எடம் கெடச்சா ராஜா மாதிரி போலாம், ஆனா சீசன்ல அது டூரிஸ்டுக்கே பத்தாது, மழைல பாறை சரிஞ்சா கேன்சலும் ஆகும். அத நம்பாதீங்க. பஸ்ஸோ வண்டியோ, நாலு மணிக்கே எறங்கிருங்க. சீசன்ல ஏறுறதுக்கு குன்னூர் ரோடு, எறங்கறதுக்கு கோத்தகிரி ரோடுன்னு ஒன்வே போட்டுருவாங்க, குன்னூர்க்காரனே சுத்திதான் எறங்கணும், ஒரு மணி நேரம் சேத்து வச்சுக்குங்க.

திரும்பும்போதுதான் நெறய பேரு மாட்டறாங்க. சென்ட்ரல்ல இருந்து நீலகிரி கெளம்பறதும் ராத்திரி ஒம்பது வாக்குலதான், மேட்ச் தொடங்கறதே ஏழரைக்கு. அன்னிக்கே ரிட்டர்ன் போட்டவன் பவர்பிளே, அதான் மொத ஆறு ஓவர், பாத்துட்டு ஓட வேண்டியதுதான். ஞாயித்துக்கெழம ஃபைனல்னா திங்கக்கெழம ராத்திரி ரயிலு, செவ்வாக்கெழம காலைல வேலைக்கு. லீவு ரெண்டு நாளு சொல்லிருங்க.

இன்னொண்ணு, 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சுல்ல, நம்ம நீலகிரி நம்பர் டிஎன் 43 வண்டிக்கு அது இல்ல. ஆனா கோயமுத்தூர் சொந்தக்காரன் வண்டிய வாங்கிட்டு மேல வந்தீங்கன்னா பாஸ் எடுத்துருங்க, கல்லாறுல நிறுத்துவாங்க.

அதே ஆள்: சென்ட்ரல்ல எறங்கி?

மெட்ரோ. அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம், எறங்கி வாலாஜா ரோட்டுல நடந்தா வந்துரும். தங்கறதுக்கு திருவல்லிக்கேணி மேன்ஷன், ரூம்ல பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க, ஒரு கட்டிலு, ஒரு ஃபேனு. ஆனா மேட்ச் முடிஞ்சு எல்லாரும் ஆட்டோவுக்கு அடிச்சுக்கும்போது நீங்க நடந்தே போயி படுத்துக்கலாம். காலைல ரத்னா கபேல சாம்பார் இட்லி, இட்லி சாம்பார்ல முங்கி கெடக்கும், அதுக்காகவே ஒரு நாள் சேத்து தங்கலாம்.

வெலிங்டன் அக்கா: தம்பி, ரெண்டு பசங்கள கூட்டிட்டு போகணும், எட்டு வயசும் பதினொண்ணும். லீவுதானே, பாவம் அழுவுதுங்க. வெயில் தாங்குமா?

கூட்டிட்டு போங்கக்கா. ஆனா அது அக்னி நட்சத்திரம், நம்ம பசங்க இருபது டிகிரில வளந்ததுங்க, சென்ட்ரல்ல கால வச்சதும் மூஞ்சி செவந்துரும். பகல்ல மெரினா, மியூசியம்னு அலைய வேணாம், ரூம்ல தூங்க வச்சு நாலரைக்கு மேல கெளம்புங்க. மோர், எளநி நெறய. உள்ள தண்ணி பாட்டில், பை, பவர் பேங்க் எதுவும் விட மாட்டாங்க, கேட்ல போட்டுட்டு போகச் சொல்லுவாங்க, அதனால வெறுங்கையா போங்க. சாயங்காலம் கடல்காத்து வந்ததும் பரவால்ல. ஸ்பீக்கர் சத்தம் சின்னதுங்களுக்கு காது வலிக்கும், கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு போங்க. சென்னைல ஸ்வெட்டர் வேணாம்க்கா, ஆனா திரும்பி வரும்போது மேட்டுப்பாளையத்துல பைல இருக்கணும், வேர்த்த உடம்போட பர்லியாறு தாண்டுனா சளி நிச்சயம்.

உண்மைய சொன்னா நம்ம டீம் இல்லாத மேட்சுதான் பசங்களுக்கு நல்லது, அப்பா டென்ஷன்ல கத்த மாட்டாரு.

கேத்தி பெரியவர்: தம்பி, நான் 1986ல சேப்பாக்கத்துல டை ஆன டெஸ்ட் பாத்தவன். டீன் ஜோன்ஸ் 210 அடிச்சுட்டு வாந்தி எடுத்துட்டு நின்னான், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாங்க. அந்த மாதிரி ஆட்டம் பாத்தவனுக்கு இந்த மூணு மணி நேர கூத்து எல்லாம் பிடிக்குமா?

ஐயா, உங்களுக்கு நான் என்ன சொல்றது, நீங்க பாத்தத பாக்க நாங்க கொடுத்து வைக்கல. ஆனா எங்கப்பா 1999 பாகிஸ்தான் டெஸ்டுக்கு போனவரு, அத மட்டும் சொல்லிக்கறேன். சச்சின் முதுகு வலியோட 136, அவரு அவுட்டாகி கொஞ்ச நேரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு, 12 ரன்ல தோல்வி. அப்பா அழுதிருக்காரு. அழுதுட்டே எந்திரிச்சு கை தட்டிருக்காரு, மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சு நின்னுது, பாகிஸ்தான்காரங்க கிரவுண்ட ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. 2024 ஃபைனல்ல கொல்கத்தாவோட ஸ்டார்க் மொத ஓவர்லயே அபிஷேக்க கிளீன் போல்டாக்குன பந்த பாத்துட்டு நானும் என்னையறியாம எந்திரிச்சுட்டேன், அப்ப அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. ஆட்டம் என்னவோ சப்புன்னு போச்சுங்கய்யா, சன்ரைசர்ஸ் 113, ஐபிஎல் ஃபைனல்லயே அதான் கம்மி ஸ்கோரு, கொல்கத்தா 10.3 ஓவர்ல முடிச்சுட்டாங்க. ஆனா அந்த ஒரு பந்துக்கு நீங்களும் எந்திரிச்சிருப்பீங்க.

கொடைக்கானல்: நாங்க பழனி மலை பக்கம், சென்னை ரொம்ப தூரம். நம்ம தமிழ்நாட்டு லீக்கு டிஎன்பிஎல் பிளேஆஃப் போலாமா?

உங்களுக்கு அதுதான் சரி, திண்டுக்கல் என்பிஆர் காலேஜ் கிரவுண்டு நத்தம் ரோட்டுல, எறங்குனா வந்துருச்சு. 2025 பிளேஆஃப் மொத்தமும் அங்கதான். எங்களுக்கு பக்கத்து டீமு கோவை, அவங்க அந்த வருஷம் உள்ளயே வரல, நான் அப்பவும் ஜூலை 6 ஃபைனலுக்கு போனேன். திருப்பூர் 220, திண்டுக்கல் 102, சொந்த ஊருல 118 ரன்ல தோத்தாங்க. திருப்பூர்க்கு அதுதான் மொத கப்பு. பக்கத்து சீட்டுல ஒரு பனியன் கம்பெனிக்காரரு எனக்கு முறுக்கு வாங்கி கொடுத்தாரு, நான் அந்த நிமிஷமே திருப்பூர் கட்சி.

மஞ்சூர்: இப்பவே ரயில், ரூம் எல்லாம் புக் பண்ணிரலாமா அண்ணா?

ரயில் டிக்கெட் போடுங்க, கேன்சல் பண்ணா கொஞ்சம்தான் போகும். ரூமுக்கு முழுப்பணம் கட்டாதீங்க. 2019 ஃபைனல் சென்னைலன்னு சொன்னாங்க, மூணு ஸ்டாண்டு தொறக்க அனுமதி கெடைக்காம ஹைதராபாத் போயிருச்சு. 2025ல கொல்கத்தாவுல மே 25ன்னு இருந்தது, எல்லைப் பிரச்சனையில நிறுத்தி வச்சு, கடைசில அகமதாபாத்ல ஜூன் 3. பொதுவா போன வருஷம் கப்பு வாங்குன டீம் ஊருலயும் ரெண்டாவது வந்த ஊருலயும் வைப்பாங்க, ஆனா அது எழுதி வச்ச சட்டம் இல்ல. அப்புறம் மழை. 2024ல ஃபைனலுக்கு மொத நாள் சாயங்காலம் கொல்கத்தா பிராக்டிஸே மழைல போச்சு. ஃபைனலுக்கு ரிசர்வ் டே இருந்துச்சு, அதுக்கும் சேத்து ஒரு நாள் கையில வச்சுக்குங்க.

மஞ்சூர்: சரிங்ணா. உங்ககிட்ட எக்ஸ்ட்ரா டிக்கெட் ஏதும் இருக்குதுங்களா?

ஒண்ணு இருந்துச்சு, மேல கேட்ட வெலிங்டன் அக்கா பேசி முடிச்சுட்டாங்க. வண்டில ஒரு சீட்டு காலி, மேட்டுப்பாளையம் வரைக்கும். நாலு மணிக்கு பெட்போர்டுல நிக்கணும், நாலு அஞ்சுக்கு வந்தா நான் இருக்க மாட்டேன்.