கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரை வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ ஏற்றுகிறார்கள். எங்கள் வயலில் விளைந்த மஞ்சளில் தினமும் ஒரு ஸ்பூன், கொஞ்சம் மிளகுடன் பாலில் கலக்கித் தருகிறேன். சொந்தக்காரர் ஒருவர் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, அரூர்)

பதில்: மாத்திரையைத் தொடங்காதீர்கள் அம்மா. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். ஒரு டீஸ்பூனில் சுமார் 100 மில்லிகிராம் வரும். அதிலும் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் மாற்றப்பட்டு வெளியேறிவிடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவே இல்லை என்று சொல்லலாம். மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடலில் சேரும் அளவு 20 மடங்கானது.

சிக்கலும் அங்கேதான். குர்குமினை மாற்றி வெளியேற்றும் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது; அந்த நொதிகள் பல மருந்துகளையும் உடைத்து வெளியேற்றுபவை. அவை முடங்கினால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறித் தங்கக்கூடும். எதிர்ப்பக்கமும் உண்டு: 2002-ல் வெளியான எலி ஆய்வில், மார்பகக் கட்டியைச் சுருக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் வேலையைக் குர்குமின் குறைத்தது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு.

ரசம், குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். பாலில் ஸ்பூனைச் சிட்டிகையாக்குங்கள். இறக்கியபின் தூவாமல், மஞ்சளையும் மிளகையும் பாலோடு கொதிக்க விடுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் பொடியிலுள்ள கிருமியே காய்ச்சல் தரும். இதுவரை கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தக்காளி புற்றுநோயைத் தடுக்குமாமே, பச்சையாகச் சாப்பிடவா? (வாசகர், ராயக்கோட்டை)

பதில்: வேகவைத்தே சாப்பிடுங்கள். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து செல் சுவருக்குள் அடைபட்டிருக்கும், கொழுப்பில்தான் கரையும். கால் கிலோ தக்காளிக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மசிய வதக்கினால் போதும். களிக்குக் கடைந்து ஊற்றும் தக்காளிக் கடையலே நல்ல வழி. தொக்கில் உப்பு அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். தக்காளி நிறையச் சாப்பிடுவோரிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை.

கேள்வி: புரோக்கோலியை எப்படிச் சமைப்பது? (வாசகி, ஓசூர்)

பதில்: முதலில் நறுக்குங்கள், அரை மணி நேரம் கழித்து அடுப்பில் வையுங்கள். நறுக்கும்போதுதான் மைரோசினேஸ் என்ற நொதி வெளிப்பட்டு, புற்றுநோய்க்கு எதிராக உதவுமா என்று ஆராயப்படும் சல்ஃபோராபேன் என்ற பொருளை உண்டாக்கும். நறுக்கியதுமே கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும். ஆவியில் 3, 4 நிமிடம் போதும். குழைய வெந்துவிட்டதா? இறக்கி ஆறியபின் 200 கிராமுக்கு அரை டீஸ்பூன் பச்சைக் கடுகுப் பொடி தூவுங்கள். அதிலும் அந்த நொதி இருக்கிறது. தாளித்த கடுகு இதற்கு உதவாது. காலிஃபிளவர், முட்டைக்கோஸ், முள்ளங்கிக்கும் இதே முறைதான்.