இலங்கை, களுவாஞ்சிகுடித் தங்கைக்கு

தங்கச்சி, விவாகரத்து முடிந்த கையோடு ஆறு வருட ஆடைத் தொழிற்சாலை வேலையும் போய்விட்டது, நுண்கடன் எடுத்துக் கடை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வாராவாரம் படலையடியில் கடன் வசூலிப்பவரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்தவள் நான்.

முதலில் உங்கள் சொந்தக் காசைக் கேளுங்கள். குறைந்தது 15 பேர் வேலை செய்த இடத்தில் 5 வருடம் நிறைந்திருந்தால், வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடை வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். உங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரும். இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். பிள்ளையின் தாபரிப்புக்கு, அதாவது வளர்ப்புச் செலவைத் தகப்பனிடம் கேட்க, நீதவான் நீதிமன்றம் போங்கள்.

சீதன வீடு உங்கள் பெயரில்தானே? நம் பக்கத்து வழக்கத்தில் எனக்குப் பிடித்தது, பெண் பெயரில் வீடு கொடுக்கும் அது ஒன்றுதான். வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்துவிடாதீர்கள். கடன் இல்லாமல் சிறிதாகத் தொடங்குங்கள்; நான் இடியப்பம் விற்றுத் தொடங்கினேன். முதல் நாள் முப்பதில் பதினொன்று மிஞ்சியது. சொதி ஊற்றி நாங்களே சாப்பிட்டோம்.