ஸ்டேஷனில் கிடந்த துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. எங்கள் தெருவில் இரண்டே மாதத்தில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் போலீஸில் அடையாள அட்டை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி பெர்மிட், நமக்காகச் சொல்ல இரண்டு பேர், கைரேகை என்று அலைய விடுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் இதற்காகவே டென்னசிக்குக் குடிபோய்விட்டார். எங்கள் கம்பெனிக்கு டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் கிளை இருக்கிறது. கேட்டால் மாற்றல் கிடைக்கும். அங்கே லைசென்ஸே தேவையில்லை.

ஓர் உரிமைக்காக ஊர் மாறுவது சரிதானா? காந்தியே வெள்ளையனின் ஆயுதச் சட்டத்தைக் கண்டித்திருக்கிறார். குடகர்களுக்கு இன்றும் லைசென்ஸ் விலக்கு உண்டு. நடுகல் நட்டு வீரனைக் கும்பிட்ட நாம் ஏன் துப்பாக்கி என்றாலே பயப்படுகிறோம்? துப்பாக்கி இருந்தால் தற்கொலை கூடும் என்கிறார்கள். சாக நினைப்பவன் எப்படியும் சாவான் என்பது என் எண்ணம். எங்களோடு தங்கியிருக்கும் மச்சினனுக்கும் (எச்-1பி விசா) இதில் ஆர்வம். மனைவிக்கு அவ்வளவாக விருப்பமில்லை.

ர., நியூ ஜெர்சி

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள ர.,

நீங்கள் அனுப்பியது நாலு பக்கம். சட்டத்துக்கு மூன்று பக்கம், வீரத்துக்கு முக்கால் பக்கம், மனைவிக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உரிமை தேடி டெக்சஸ் போவதாகச் சொல்கிறீர்கள். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு எடிசனிலேயே இருக்கிறது. 2008-இல் வாஷிங்டன் நகரத்தின் தடையை எடுத்துப்போட்ட உச்ச நீதிமன்றம், 2010-இல் சிகாகோ வழக்கில் அந்தத் தீர்ப்பு எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. 2022-இல் நியூயார்க் வழக்கு வந்த பிறகு, வெளியே எடுத்துப் போவதற்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் மாநிலமும் கைவிட்டது. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி சட்டத்தடை எதுவும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். உண்மைதான். ஆக, டெக்சஸ் உங்களுக்குப் புதிதாகத் தருவது அலைச்சல் இல்லாத சௌகரியம். சௌகரியத்துக்காக வீடு மாறுவதில் தப்பே இல்லை, நானும் தண்ணீருக்காக மூன்று வீடு மாறியவன். அதற்குப் போய் உரிமைப் போர் என்று பெயர் வைக்காதீர்கள்.

சட்டம் பிடிக்காமல் ஊர் மாறுவது அந்த நாட்டில் புதிதும் அல்ல. துப்பாக்கி செய்கிறவர்களே மூட்டை கட்டியிருக்கிறார்கள். 1852-இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், மாசசூசெட்ஸில் சில வகைத் துப்பாக்கிகளின் உற்பத்திக்கே தடை வரப்போகிறது என்று பயந்து 2023-இல் தலைமையகத்தை டென்னசிக்குக் கொண்டுபோனது. பெரெட்டாவும் மேரிலாந்தில் இருந்த உற்பத்தியை அங்கேதான் கொண்டுபோனது. நியூயார்க்கில் ஐலியன் என்று ஒரு சிற்றூர். இருநூறு வருடமாக ரெமிங்டன் துப்பாக்கியோடு வளர்ந்த ஊர் அது. 2024-இல் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். உங்கள் சிநேகிதர் டென்னசி போன கதையைப் படித்தபோது எனக்கு அந்த ஐலியன்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உரிமையைத் தேடிப் போகிறவன் கடிதம் எழுதுகிறான். வேலை போனவன் எங்கே எழுதப்போகிறான்?

காந்தி 1918-இல் அந்த ஆயுதச் சட்டத்தைத் திட்டியது குஜராத்தின் கேடாவில், வெள்ளையனின் ராணுவத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது. அந்த இடத்தை விட்டுவிட்டு வரியை மட்டும் கத்தரித்து ஒட்டுவது வாட்ஸப் வேலை. குடகு தனிக் கதை, விடுங்கள். நடுகல்லையும் விடுங்கள் தம்பி. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல் அது. நகைப்பெட்டிக்கு வங்கியில் லாக்கர் எடுத்தால் வருடத்துக்கு ஒரு சிறு தொகை ஆகும். அதுவே போதும்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை. 1967-இல் கலிபோர்னியாவில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு தெருவில் நடப்பது சட்டப்படி செல்லும். பிளாக் பாந்தர் இயக்கத்துக் கறுப்பின இளைஞர்கள் ஓக்லண்டில் அப்படியே போலீஸ் வண்டிக்குப் பின்னால் போய் வேவு பார்த்தார்கள். உடனே தடை மசோதா வந்தது. அதை எதிர்த்து மே 2 அன்று துப்பாக்கிகளோடு சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள் போனார்கள். அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்ட ஆளுநர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன். கலிபோர்னியாவை விட்டு ஓடுகிறவர்கள் இன்று கொண்டாடும் அதே ரீகன். எந்தச் சட்டமானாலும் இருக்கட்டும், இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் நம் நிறத்து ஆளைப் பார்த்தவுடன் எதிரில் இருப்பவன் அரை நொடியில் என்ன நினைப்பான்? ஃபிரிஸ்கோ போகிறவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வாக்கியத்துக்கு வருகிறேன். "சாக நினைப்பவன் எப்படியும் சாவான்." எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். நல்லவர்கள், படித்தவர்கள், எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. திருடன், கொள்ளைக்காரன், பள்ளிக்கூடத்தில் சுட்டவன் எல்லோரையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையை எட்டாது. துப்பாக்கியால் சாகும் விகிதம் உங்கள் நியூ ஜெர்சியைவிட டெக்சஸில் ஏறத்தாழ மூன்று மடங்கு. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். எந்த வழி என்று பார்க்காமல் தற்கொலைகளை மொத்தமாக எடுத்தாலே, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்களிடம் அது மற்ற ஆண்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பெண்களிடம் ஏழு மடங்கு. எப்படியும் சாகிறவர்கள் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கணக்கு வேண்டாமென்றால் பக்கத்தில் பாருங்கள். இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். பத்தாண்டில் விகிதம் பாதியாகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் அங்கே கடன் தீர்ந்துவிட்டதா, குடி நின்றுவிட்டதா, போர்தான் முடிந்துவிட்டதா? ஒன்றும் மாறவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருந்த புட்டி மட்டும் மாறியது.

இதை நான் புள்ளிவிவரமாகத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் ஊர் மேற்கு மலை அடிவாரத்தில், வாசுதேவநல்லூர் பக்கம். கரும்புக்குப் பன்றி இறங்கும். அதற்காகத் தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிவர வேண்டும். 1991-இல் அப்படித்தான் கொடுத்தார். மே மாதக் கடைசியில் வந்திருக்க வேண்டியது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், தேர்தல் ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே கிடந்தது.

அந்த வருடம் பெரியப்பா ஒரு சீட்டு விவகாரத்தில் மூன்று பேருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். நடத்தியவன் ஊரைவிட்டே போய்விட்டான். வீட்டு வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு. ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் நடுராத்திரி பெரியப்பா எழுந்து தாத்தாவின் அறைக்குள் போயிருக்கிறார். சுவரில் கொக்கி மட்டும் இருந்தது. மறந்துவிட்டார், தெரியுமா? எதைத் தேடிப் போனாரோ அது வீட்டில் இல்லை என்பதே அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை. ஆச்சி விழித்துக்கொண்டாள்.

"என்னய்யா தேடுத, இந்நேரத்துல?"

"பன்னி எறங்கிட்டும்மா."

"துப்பாக்கிதான் டேசன்ல கெடக்கே. தகரத்தத் தட்டிட்டு வந்து படு."

பெரியப்பா மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பன்றி ஒன்றும் இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டோமே என்று கரும்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே நடந்தாராம். கிழக்கு வெளுத்துவிட்டது. திரும்பி வந்து நீச்சத்தண்ணி குடித்துவிட்டுத் தூங்கினார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நான் மச்சில் படுத்தபடி அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டேன். பன்றிதான் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

இதை அவரே 2009-இல் என்னிடம் சொன்னார், வெற்றிலை மடித்துக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வதுபோல. தோட்டத்தில் கிணறு இருந்தது. மோட்டார் ரூமில் பூச்சிமருந்து இருந்தது. ஏன் பெரியப்பா என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அதெல்லாம் தோணவே இல்லடே." கடனை 1998-இல் அடைத்தார். 2018 வரை இருந்தார். மூன்று பேத்திகளுக்குச் சடங்கு செய்தார், ஒருத்தியோடு பேச்சுவார்த்தை இல்லாமலும் இருந்தார். எல்லாம் அந்த ராத்திரிக்கு அப்புறம் நடந்தவை. தேர்தல் முடிந்து தாத்தா ரசீதைத் தேடியபோது பெரியப்பா, இருக்கட்டும்ப்பா, அடுத்த எலக்ஷனுக்குத் திரும்பக் கொண்டு கொடுக்கணும்லா என்றாராம். தாத்தா அதற்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை.

எடிசனில் போலீஸ் உங்களை அலைய விடுகிறது என்று கோபப்படுகிறீர்கள். அந்த அலைச்சல் திருடனைத் தடுக்குமா என்று எனக்குத் தெரியாது. அலையும் அந்த வாரங்களில் வீட்டுக் கொக்கி காலியாக இருக்கிறது என்பது தெரியும். நான் கெட்ட ராத்திரி வருகிற ஆள் இல்லை என்பீர்கள். பெரியப்பாவும் இல்லைதான். ஊரில் சண்டை என்றால் சமாதானத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மச்சினன் விஷயம். எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். அது டெக்சஸுக்குப் போனாலும் மாறாது. விளையாட்டாகச் சுடும் களத்துக்குக் கூட்டிப்போகும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள். இத்தனை வருட விசாக் காத்திருப்பை ஒரு சனிக்கிழமையில் தொலைத்துவிட வேண்டாம்.

ஊர் மாறலாமா என்றுதானே கேட்டீர்கள்? மாறுங்கள், யார் வேண்டாம் என்றது. ஃபிரிஸ்கோவில் நம் ஆட்கள் நிறைய. வீடும் பெரிதாகக் கிடைக்கும், மாநில வருமான வரியும் கிடையாது. பக்கத்து ஆலன் நகரத்தில் 2023 மே மாதம் கடைத்தெருவில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதில் ஒரு பெண் ஐதராபாத்திலிருந்து வந்த பொறியாளர். அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அந்தக் கணக்கில் பார்த்தால் அமெரிக்காவில் எங்கேயும் குடியிருக்க முடியாது.

உங்கள் மனைவிக்கு ஏன் விருப்பமில்லை என்று கேட்டீர்களா? நாலு பக்கத்தில் அது இல்லை. அவருக்கு இடம் மாறுவதில் விருப்பமில்லையா, துப்பாக்கியில் விருப்பமில்லையா, இல்லை அதை நீங்கள் வைத்திருப்பதில் விருப்பமில்லையா? மூன்றும் வேறு வேறு. கேட்டுவிட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.